தாய் நாய்க்கு ஒரு சம்மதக் கடிதம்

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க் குட்டிகளை ஈனும் தாய் நாயை வீட்டில் வைத்துப் பார்க்கும் தன்னார்வலராகச் சேர நினைக்கிறீர்களா? வாடகை வீட்டில் இருந்தால், முதலில் ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்காணல், வீட்டுச் சோதனை, பயிற்சி எல்லாம் எங்களுக்குச் சுலபமாகவே முடிந்தன. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். இந்த நாய்களைப் பயிற்றுவித்துத் தரும் அமைப்பின் இனப்பெருக்க மையம் லெமிங்டன் ஸ்பா பக்கம், காரில் போய்வரும் தூரம்தான். சாப்பாட்டுச் செலவும் வைத்தியச் செலவும் அமைப்பையே சேரும். மாட்டிக்கொண்டது, ஓனர் சார்பில் வீட்டை வாடகைக்கு விடும் லெட்டிங் ஏஜென்சியில்.

எங்கள் ஒப்பந்தத்தில் நாய் வளர்க்க அனுமதி உண்டு. ஆனால் அங்கே இருந்த பெண் ஒரே பிடியாக நின்றார்: "ஒரு நாய்க்குத்தான் அனுமதி. ஏழெட்டுக் குட்டி போட்டால் அது பிரீடிங் பிசினஸ். கவுன்சில் லைசென்ஸ் கொண்டுவாருங்கள்." வழிகாட்டி நாய் என்று சொல்லிப் பார்த்தோம். அந்த வாதம் எடுபடாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை நிற்பது உதவி நாயோடு வாழும் மாற்றுத்திறனாளிக்கு. அந்த நாயைப் பெற்றெடுக்கும் தாய்க்கும், பயிற்சியில் இருக்கும் குட்டிக்கும் அதில் இடமில்லை. குட்டி வளர்க்கும் என் தோழியைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அவளால் ஒன்றும் பேச முடியவில்லை.

லீவு போட்டு நகர நிர்வாகமான கவுன்சிலுக்குப் போனால், "லைசென்ஸ் வேண்டுமென்றால் தருவோம். வேண்டாம் என்று எழுதித் தரும் வழக்கம் இங்கே இல்லை" என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்தப் பயணம் முழுக்க வீண். கவுண்டருக்குப் போகாதீர்கள், லைசென்சிங் பிரிவுக்கு நேரே மின்னஞ்சல் போடுங்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி இங்கிலாந்தில் லைசென்ஸ் கேட்பது, நாய் வளர்த்து விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களிடமும், 12 மாதத்தில் 3 ஈற்றோ அதற்கு மேலோ எடுத்து விற்பவர்களிடமும்தான். நாய் எங்களுடையது அல்ல, குட்டிகளை நாங்கள் விற்பதில்லை, காசும் வாங்குவதில்லை என்று எழுதிக் கேட்டேன். தேவையில்லை என்று பதில் வந்தது. அமைப்பும் நாயின் உரிமை தங்களுடையது என்று கடிதம் தந்தது. இரண்டையும் இணைத்து, ஏஜென்சியை விட்டுவிட்டு, ஓனருக்கே தபாலில் அனுப்பினோம். அவர் உடனே கையெழுத்துப் போட்டு, குட்டிகளின் படம் அனுப்பச் சொன்னார். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்! இந்த இழுபறியில் எங்களுக்கென்று பார்த்து வைத்திருந்த நாய் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு வந்தவள்தான் ஹேசல், லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் கலந்தவள். இணை சேர்ப்பதையெல்லாம் மையமே பார்த்துக்கொண்டது. சினைக்காலம் 63 நாள் அளவு. கடைசி வாரத்தில் தினமும் உடல் வெப்பம் பாருங்கள். 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பிரசவம். எங்களுக்கு அது நள்ளிரவில் தொடங்கியது. மூன்றாவது குட்டிக்குப் பிறகு அரை மணி நேரம் முக்கியும் ஒன்றும் வரவில்லை. அப்படி ஆனால் காத்திருக்கக் கூடாது, மையத்தின் அவசர எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டோம். அவர்கள் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான்காவது வந்தது, மூச்சில்லாமல். துண்டால் துடைத்துத் தேய்க்கத் தேய்க்கக் கீச்சென்றது. என் கணவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். மொத்தம் ஏழு, ஏழும் பிழைத்தன. காலையில் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "பெத்தவளுக்குச் சூடா என்னடி குடுத்தே?"

முதல் இரண்டு வாரம் வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தே ஆகவேண்டும், ஆபீசில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய செய்தித்தாளை அக்கம்பக்கத்தில் கேட்டு இப்போதே சேருங்கள், எவ்வளவு இருந்தாலும் போதாது. குட்டிகளைத் தினமும் எடை போடுங்கள். அந்த நான்காவது குட்டிக்கு எடை ஏறவில்லை என்று சமையலறைத் தராசில்தான் தெரிந்தது. மற்றவற்றை விலக்கிவிட்டுப் பால் நிறைய இருக்கும் பின்காம்பில் அதைப் பிடித்து வைக்க, சில நாளில் தேறிவிட்டது. கண் திறந்து காது கேட்கத் தொடங்கியதும் வாஷிங் மெஷின், வாக்யூம் கிளீனர், குக்கர் விசில் எல்லாவற்றையும் பழக்குங்கள். நாளைக்குப் பேருந்து இரைச்சலில் நிதானமாக நடக்க வேண்டிய நாய்கள் அவை. எங்கள் குட்டிகள் விசிலுக்குத் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அதில் எனக்கு நிறையப் பெருமை.

ஏழெட்டு வாரத்தில் குட்டிகள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு ஒரு வருடம் போல, குட்டி வளர்க்கும் தன்னார்வலர் வீடு, அப்புறம்தான் முறையான பயிற்சி. ஹேசல் எங்களோடேயே இருக்கிறாள், அடுத்த ஈற்றும் வரும்.

கடைசியாக ஒன்று. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நாய்க்கான சம்மத வாசகம் புதிய தாளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் அதை விட்டிருந்தார்கள். சேர்த்துத் தந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.