தறி நின்ற வாரத்தில் காது படித்தேன்

2025 ஜனவரி 8, புதன்

மருத்துவ மேற்படிப்புக்கான முதுநிலை நீட்டுக்குப் படிக்கலாம் என்று கோவைப் பக்கம் சோமனூர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்தில் எங்கள் குடோனில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் எனக்கு அது இடைஞ்சலே இல்லை, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் ராத்திரி விழிப்பு வரும். காலையில் தோள் நரம்புப் பின்னலை நாலு முறை வரைந்தேன், முதுகுத்தண்டு நரம்பு சி5 முதல் டி1 வரை இப்போது கை தானாகப் போகிறது. மதியத்துக்கு மேல் காது.

சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு. செவிப்பறையில் விழும் அழுத்தத்தை இவை ஏறத்தாழ 22 மடங்காக்கி உள்காதுக்குக் கொடுக்கின்றன. அங்கவடியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேபீடியஸ் என்று ஒரு குட்டித் தசை, மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்புதான் அதை இயக்குகிறது. பலத்த சத்தம் வந்தால் இறுகி, உள்ளே போவதைக் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்கே நூறு மில்லிசெகண்ட் போல ஆகும், தடுப்பதும் தாழ்ந்த ஒலிகளைத்தான். தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கட்டை அடிக்கிற அடி அதற்குள் உள்ளே போய்விடும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு நாடாவும் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் பக்கம் திருப்ப மனசு வரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

பிசியாலஜி. உள்காதில் காக்ளியா, சுருண்ட நத்தைக்கூடு மாதிரி இரண்டே முக்கால் சுற்று, அதன் அடிப்பக்கத்தில் உச்ச ஒலி, நுனியில் தாழ்ந்த ஒலி. ஒலியை உணர உதவும் வெளிப்புற மயிர் செல்கள் ஒரு காதுக்கு 12,000 போல. செத்தால் மறுபடி முளைக்காது. தோல் வளர்கிறது, எலும்பு கூடுகிறது, இது மட்டும் இல்லை.

சத்தத்தால் வரும் கேள்விக்குறைவு (காது கேட்பது குறைவது) ஏன் 4000 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் மனப்பாடமாகத்தான் இருந்தது. இன்று காரணம் பிடிபட்டது: காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அந்த நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள ஒலிகள்தான் தூக்கலாக உள்ளே போகும், அடி விழுவது அதற்கு அரை ஆக்டேவ் மேலே, கிட்டத்தட்ட 4000இல்.

சாயந்திரம் அப்பாவிடம், “பாவு கொண்டாந்தவங்களுக்குக் காசு குடுத்துட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். “காதுக்கு என்ன கண்ணு?” என்றார். காசு, காது. உயிர் ஒலி இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் ‘ச்’தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை, அது உச்ச ஒலி. அப்பா கவனிக்காமல் பேசுகிறார் என்று எத்தனை தடவை கோபப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ கொண்டுவந்து அம்மாவோடு காப்புக் கட்டினேன். நேற்று ராத்திரியே தறி நிறுத்தியாச்சு. வெளியூர் ஆட்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள், இனி 20ஆம் தேதிதான்.

இன்று எஸ்.பி.எம்., அதாவது சமூக, நோய்த்தடுப்பு மருத்துவம். தொழிற்சாலைகளில் ஒருவர் ஒரு நாளில் இருக்கக்கூடிய அளவு, சத்தம் 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4, 100 என்றால் 2. போன வாரம் குடோனில் போனை வைத்து அளந்ததில் 97, 98 காட்டியது. போன் அளவு சரியான அளவு இல்லைதான், ஐந்து தள்ளிக் கொடுத்தாலும் அப்பா நிற்பது 12 மணி நேரம். சத்தத்தால் வரும் கேள்விக்குறைவு 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது, மருத்துவர் கண்டால் அறிவிக்க வேண்டிய நோய். ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தும். எங்கள் குடோனில் நாலு பேர். இந்தத் தெருவில் எந்தக் குடோனிலும் பத்துப் பேர் கிடையாது. இந்த ஒரு வரிக்கு எதிரே பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். பெரியப்பா தோட்டத்துக்குப் போய் வந்தோம். படிக்கவில்லை.

ராத்திரி 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எடுத்து அப்பாவுக்கு வைத்துப் பார்த்தேன். ரின்னே சோதனை (காற்று வழியும் எலும்பு வழியும் கேட்பதை ஒப்பிடுவது) இரண்டு பக்கமும் பாசிட்டிவ், வெபர் சோதனையில் (எந்தப் பக்கம் கூடக் கேட்கிறது என்று பார்ப்பது) நடுவில். “நல்லாத்தான கேக்குது” என்றார். 512 கேட்கத்தான் செய்யும், போயிருப்பது மேலே. அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு தாளில் நத்தைக்கூடு வரைந்தேன், அதில் ஒரு இடத்தைக் காட்டி, இதுதான் முதலில் அடிவாங்கும் என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 18, சனி

அப்பாவுக்கு ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தாச்சு. சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரமாவது சத்தத்தில் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிகக் குறைவும் சேர்ந்து காட்டும். அப்பாவுக்கு ஐந்து நாளுக்கு மேல் கிடைத்தது. பொங்கலை விட்டால் வருஷத்தில் வேறு எப்போது இவ்வளவு நேரம் தறி நிற்கும்?

2000 வரை ஓரளவு சரி. 4000இல் வலது 60 டெசிபல், இடது 65, எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம், கோடு கீழே இறங்கும். 8000இல் மறுபடி 45க்கு ஏறுகிறது. அந்தப் பள்ளம் புத்தகத்தில் பார்த்த அதே பள்ளம். வயதால் வந்தால் 8000இல் இன்னும் இறங்கியிருக்கும்.

வரும் வழியில் காதடைப்பான் நாலு ஜோடி வாங்கினேன். அப்பா சொன்னது: “சத்தம் வெச்சுத்தான் கண்ணு நாடா தட்டுறதும் நூல் அறுந்ததும் தெரியுது. அடைச்சுக்கிட்டா எப்படித் தெரியும்?” இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நாற்பது வருஷமாகக் காதால் வேலை செய்கிற ஆளிடம் காதை மூடு என்கிறோம். அடைத்தாலும் இவ்வளவு பெரிய சத்தம் கேட்கத்தான் செய்யும், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

ஆறு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தது. அப்பா போட்டுக்கொண்டுதான் போனார். பத்து மணிக்கு வந்து, நாடா தட்டுவது தெரிகிறது, நூல் அறுவது மட்டும் தெரியவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். சரி, அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட குடோன் வாசலில் நின்று லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன், எங்கள் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். அப்பா திரும்பினார். மூலையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவும் திரும்பினார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அம்மா உட்கார்ந்திருப்பது அதே மூலையில்தான். இவ்வளவு படித்தும், ஆடியோகிராமுக்கு அப்பாவை மட்டும் கூட்டிப் போயிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயந்திரத்தோடு தறியை நிறுத்திவிடலாம், சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போ என்றார்.