கடைசி வகுப்பு

வெளிநாட்டுல தன்னார்வ டீச்சரா நான் எடுத்த கடைசி வகுப்பும் இன்னைக்கு முடிஞ்சது. அழக் கூடாதுன்னு நினைச்சுட்டுப் போனேன், அழல. அதுக்கு நேரமே இல்லைங்கிறதுதான் உண்மை. அடுத்து வர்ற தன்னார்வலருக்காக ஒரு நோட்டு எழுதிட்டிருந்தேன். யாருக்குக் கழித்தல்ல கடன் வாங்குறது இன்னும் பிடிபடல, யாரைக் கடைசி பெஞ்சுல உட்கார வைக்கக் கூடாது (போர்டு சரியாத் தெரியாது, ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டான்), யார் பதில் தெரிஞ்சும் கை தூக்க மாட்டா.

இந்த நாட்டுக்கு வந்த புதுசுல அவங்க மொழியில எனக்குப் பத்து வார்த்தை தெரிஞ்சா பெருசு. நான் தப்பா உச்சரிச்சா வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். போகப்போகத்தான் புரிஞ்சது, நான் கூச்சப்படாம உளற ஆரம்பிச்ச பிறகுதான் அவங்களும் பயமில்லாம இங்கிலீஷ்ல உளற ஆரம்பிச்சாங்க. பயிற்சியில யாரும் இதைச் சொல்லல.

சில மாசம் வந்துட்டுப் போறதால பிள்ளைகளுக்கு என்ன லாபம்னு கேட்டா, கொஞ்சம்தான். எனக்குக் கிடைச்சதுதான் அதிகம்.

கிளம்பும்போது ஒரு பொண்ணு சாதாரணமாக் கேட்டா, "அடுத்த டீச்சர் எப்ப வருவாங்க?" எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கு டாட்டா காட்டியிருப்பாளோ.

நோட்டு மேசை டிராயர்ல இருக்கு. சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில.