நோட்டு இருக்குதுங்க தம்பி

"பில் இருக்காக்கா?" என்று கேட்டேன். "நோட்டு இருக்குதுங்க தம்பி" என்றார், விற்ற கணக்கு எழுதின நோட்டு. "நோட்டெல்லாம் செல்லாதுக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

ஜிஎஸ்டி, டிரேட்மார்க் வேலையெல்லாம் பார்த்துக்கொடுக்கும் ஆபீஸில் இருக்கிறேன். அக்காவுக்குப் பருப்புப் பொடி, இட்லிப் பொடி வியாபாரம். பிராண்டுக்கு மாமியார் பேர். அந்தப் பேரைப் பதிவு செய்யும் டிரேட்மார்க் விண்ணப்பத்தில் வகுப்பு 30 (மசாலா, பொடியெல்லாம் வரும் பிரிவு), தனிநபர் என்பதால் கட்டணம் 4,500 ரூபாய். எப்போதிலிருந்து இந்தப் பேரில் விற்கிறீர்கள் என்ற இடம்தான் பாக்கி. 2012 என்றார். அதைப் போட்டால் அன்றிலிருந்து விற்கிறேன் என்று உறுதி சொல்லும் யூசர் அஃபிடவிட் வேண்டும், ஆதாரமும் இணைக்க வேண்டும். ஜிஎஸ்டி பில்லோ 2021-இலிருந்துதான். 'ப்ரொபோஸ்ட் டு பி யூஸ்ட்' என்று போட்டால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். போட்டேன். அன்றைக்கு 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கடைசி நாள், வாசல் வரைக்கும் ஆள் நின்றது.

பத்து வருஷமாகப் பொடி விற்றவரிடம், இனிமேல்தான் விற்கப் போகிறேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

ஆதாரம் இல்லாமல் பழைய தேதியைப் போட்டு அஃபிடவிட் கொடுத்திருந்தால் அது பெரிய வம்பு. முதலாளியும் அப்படித்தான் சொன்னார். சரி. ஆனால் ஆதாரம் இல்லை என்று யார் பார்த்தது?

டிரேட்மார்க் ஜர்னலில் விண்ணப்பம் விளம்பரமாக வந்தால் எதிர்ப்புக்கு நாலு மாதம் அவகாசம். கடைசி வாரத்தில் வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் அப்போசிஷன் போட்டார். அதே பேரில் 2016-இலிருந்து விற்கிறாராம். அவருக்கும் பாட்டி பேரோ என்னவோ. பதிவே வாங்கியிருந்தாலும் முந்திப் பயன்படுத்தியவரைத் தடுக்க முடியாது என்கிறது டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 34. நியாயப்படி அக்காதான் நாலு வருஷம் முந்தி. எதிர்த்தரப்பு வக்கீலோ நாங்கள் போட்ட விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டுவார்.

எதிர்ப்புக்குப் பதில் எழுதும் கவுண்டர் ஸ்டேட்மென்ட்டுக்கு ரெண்டு மாதம். இருப்பதையெல்லாம் கொண்டு வரச் சொன்னேன். ஒயர் கூடையில் வந்தது: கவர் அச்சடித்த பில், 2013, பிராண்ட் பேரோடு. வருஷம் 100 ரூபாய் கட்டி எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, 2014, அதிலும் அதே பேர். அடியில் அந்த நோட்டு. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, மிளகாய் நெடி. 'டீச்சரம்மா கால் கிலோ, பாக்கி 20' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பிராண்ட் பேர் ஓரிடத்தில்கூட இல்லை. ஆக, நோட்டு அவ்வளவாகச் செல்லாது என்று நான் சொன்னது சரிதான். இதைப் பத்துத் தடவையாவது எனக்கு நானே சொல்லியிருப்பேன்.

'வேறென்ன இருக்குக்கா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கூடை அன்றைக்கே வந்திருக்கும். இப்போதெல்லாம் எல்லோரிடமும் கேட்கிறேன். 20-ஆம் தேதி வருகிறவர்களிடம் கேட்கிறேனா என்றால், சத்தியம் செய்ய மாட்டேன்.

கவுண்டர் ஸ்டேட்மென்ட்டில், விண்ணப்பத்தில் 'ப்ரொபோஸ்ட் டு பி யூஸ்ட்' என்ற அந்த நாலு வார்த்தை எப்படி வந்தது என்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது. 'விண்ணப்பதாரரின் அறியாமையால்' என்று முதலாளி சொன்னார். வழக்குக்கு அதுதான் நல்லது என்றார், இருக்கலாம். ஆங்கிலத்தில் டைப் அடித்து நீட்டினேன்.

"என்னங்க தம்பி எழுதியிருக்குது?"

"நடந்த விவரந்தான்கா."

தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பக்கமும் போடணுங்களா என்று கேட்டார்.