குணம் பார்த்து எடுத்த மலைப்பாம்பு

இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்பார்கள். அமெரிக்காவில் அதுவே பால் (ball, அதாவது பந்து) பைத்தான். லெஸ்டருக்குப் பக்கத்தில் பாம்பு வளர்க்கும் ஒருவர் வீட்டுக்கு நான் தேடிப் போனது அதைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. 20, 30 வருஷம் உயிரோடிருக்கும். அவ்வளவு காலம் கூட இருக்கப்போகிறவளை நிறம் பார்த்தா எடுப்பது?

இரண்டு குட்டிகளைக் கையில் கொடுத்தார். முதலாவது தேன் நிறம், அவ்வளவு அழகு. ஆனால் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் லேசாக ஆடியது. அது ஸ்பைடர் என்கிற நிற வகை. அந்த வகைக்கு இந்தத் தள்ளாட்டம் பிறவியிலேயே வருவது. மனசு கேட்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது சாதாரணப் பழுப்பு. எடுத்ததும் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. பயம் அது, கோபம் இல்லை. கையை அசைக்காமல் இருந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், மூக்கு வெளியே வந்தது. நாக்கு நிதானமாக என் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் வாட்ச் பட்டைக்கு அடியில் மெல்ல நுழைந்தது.

சீறினால்கூட உடனே ஒதுக்கிவிடாதீர்கள். கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. அந்த நாட்களில் எதற்கும் எரிச்சல்படும். நான் கறாராகக் கேட்டது வேறு: இங்கேயே பொரித்ததா, ஒழுங்காக இரை எடுக்கிறதா? காட்டில் பிடித்து வந்தவை மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதுண்டு, ஒட்டுண்ணியும் இருக்கும். உறையவைத்திருந்து வெதுவெதுப்பாக்கிய சுண்டெலியை என் கண்முன்னே பாய்ந்து பிடித்தது. சரி, இவள்தான்.

இரை விழுங்கிய பாம்பை அலைக்கழித்தால் கக்கிவிடும். அதனால் மூன்று நாள் கழித்துப் போய்த்தான் கூட்டிவந்தேன்.