வோமா இரண்டு, வீடும் இரண்டு

வீட்டுக்கு வோமா என்கிற ஆஸ்திரேலியப் பாலைவன மலைப்பாம்பு ஒரு ஜோடி வந்திருக்கிறது என்று சொன்னால் அடிலெய்டில் இருக்கிற நம்மாட்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இரண்டையும் ஒரே கூண்டிலா வைத்திருக்கிறாய்? இல்லை, வைக்கவும் மாட்டேன். வோமா பல்லி, அரணை, எலி என்று கிடைத்ததைத் தின்னும், அந்த வரிசையில் மற்ற பாம்புகளும் உண்டு, விஷப்பாம்பு உட்பட. பசி வந்தால் தன் இனமா வேறு இனமா என்றெல்லாம் பார்க்காது. அதனால் பெண் குட்டி ராசாத்திக்கு ஒரு கூண்டு, ஆண் குட்டி சுப்புவுக்கு ஒரு கூண்டு. ஜோடி என்பது பேச்சுக்குத்தான்.

இங்கே பாம்பு வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது கார்ப்பெட் பைதான், ஸ்பாட்டட் பைதான் இந்த மாதிரி மலைப்பாம்புகள்தான். (அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ball python ஆஸ்திரேலியாவில் சட்டப்படி வளர்க்கவே கூடாது.) உள்நாட்டுப் பாம்புக்கும் அரசு அனுமதி வேண்டும், விற்பவரிடமும் அது இருக்க வேண்டும், காட்டிலிருந்து பிடித்துவருகிற பேச்சே கிடையாது. இந்தியாவில் இருந்துகொண்டு உள்ளூர் மலைப்பாம்பை வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, வோமாவில் என்ன விசேஷம்? உலகத்தில் பெரும்பாலான மலைப்பாம்புகளுக்கு உதட்டோரமாக வரிசையாகக் குழிகள் இருக்கும், இரையின் உடல் சூட்டை உணர. வோமாவுக்கும் அதன் பங்காளியான கருந்தலை மலைப்பாம்புக்கும் அந்த வரிசை கிடையாது. இரண்டுமே பல்லி, பாம்பு என்று உடல் சூடில்லாத இரையை அதிகம் தேடுவதால் அது தேவைப்படவில்லை என்று சொல்வார்கள். வளர்க்கிறவனுக்கு இதன் அர்த்தம் என்ன என்றால், மணம்தான் எல்லாம். வெங்காயம், மசாலா எதுவும் பிரச்சினை இல்லை, ஆனால் கோழிக்கறி கழுவிய கையோடு கூண்டைத் திறந்தால் ராசாத்திக்கு என் விரலும் எலியும் ஒன்றுதான். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கிட்டே போவதில்லை. திறந்த உடனே கையை நீட்டுவதும் இல்லை, முதலில் கம்பிக் கொக்கியால் உடம்பில் லேசாக ஒரு தட்டு. இது சாப்பாடு இல்லை, தூக்கத்தான் வந்திருக்கிறேன் என்று அதற்குத் தெரியவேண்டும். சுப்புவுக்கு அந்தத் தட்டு கொஞ்சநாளிலேயே பழகிவிட்டது. ராசாத்தி இன்னும் தட்டிய கொக்கியைத் தின்ன முடியுமா என்று பார்க்கிறாள்.

சாப்பாடு வைக்கிற நாள்தான் வேடிக்கை. உறையவைத்த குட்டி எலியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஐஸ் முழுக்க விட்டபின் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுவேன். மற்ற மலைப்பாம்பு என்றால் சட்டென்று கவ்விச் சுருட்டி இறுக்கும். ராசாத்தி சில நாள் சுருட்டுவாள், சில நாள் எலியைக் கவ்வி இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சுவரோடு வைத்து உடம்பாலேயே அழுத்துவாள். வளைக்குள் இரையைப் பிடிக்கும்போது சுருள் போட இடம் ஏது, அதனால் வோமாக்கள் சுவரோடு நசுக்கித்தான் கொல்லும். இவள் பிறந்ததே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், வளையைக் கண்டதே இல்லை! சுப்பு வேறு ரகம். வாலின் நுனியை மட்டும் புழு நெளிவதுபோல் ஆட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பான். பல்லி ஏமாந்து பக்கத்தில் வரட்டும் என்று போடுகிற தூண்டில் அது. எங்கள் வீட்டில் ஏமாறப் பல்லி இல்லை.

மணல் கலந்த மண் ஆழமாகப் போட்டிருக்கிறேன், இரண்டும் தலையை மடக்கி மண்ணை வாரி வாரிப் பின்னால் தள்ளித் தோண்டுகின்றன. ராத்திரி தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் அதற்கும் காரணம் இந்தத் தோண்டல்தான். ஈரம் நிற்கவிடக் கூடாது, பாலைவனத்துப் பாம்புக்கு ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுக் கோளாறு வந்துவிடும், அடிலெய்டு குளிர்காலமோ மழைக்காலமும் கூட. ஒரு மூலை 32லிருந்து 34 டிகிரி, எதிர் மூலை 25க்குப் பக்கத்தில், நடுவில் சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். கரண்ட் பில்லைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.

அம்மா போனில் கேட்டது, "பால் ஏதாவது வைக்கிறியா?" புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த ஊர், கேட்கத்தான் செய்வார்கள். பாம்புக்குப் பால் ஆகாதும்மா, தண்ணீர் போதும் என்றேன். எலி விஷயத்தைச் சொல்லவில்லை.

எல்லாரும் கேட்கிற இன்னொன்று, வளர்ந்தால் காட்டில் விட்டுவிடலாமே என்பது. வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் வரும், சில அதற்கும் மேலே. ஆனால் காட்டில் விட எனக்கு அனுமதியும் இல்லை, அது நல்லதும் இல்லை. தெரிந்தவர்கள் முறையாகச் செய்தபோதே என்ன ஆனது என்று பாருங்கள். எங்கள் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடக்கே ராக்ஸ்பி டவுன்ஸ் பக்கத்தில் அரிட் ரிகவரி என்று 123 சதுர கிலோமீட்டர் காப்பகம் இருக்கிறது, பூனையும் நரியும் நுழையாதபடி வேலி போட்ட இடம். 2007ல் அங்கே, மனிதர் பராமரிப்பில் வளர்ந்த வோமாக்களை, எங்கே போகின்றன என்று பார்க்க ரேடியோ பொருத்தி, வெளியே விட்டார்கள். சில மாதங்களுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. பூனையோ நரியோ அல்ல, முல்கா என்கிற விஷப்பாம்பு பிடித்துத் தின்றிருக்கிறது. பாம்பைத் தின்கிற பாம்புக்கே அந்த கதி என்றால், இடுக்கியில் எலி வாங்கித் தின்கிற ராசாத்தி ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

குட்டி போட வைப்பாயா என்று கேட்பவர்களுக்கு: இவை முட்டையிடும், ஆனால் இரண்டும் நன்றாக வளர்ந்து எடை ஏற இன்னும் சில வருடங்கள் வேண்டும். அதுவரைக்கும் சந்திப்பே கிடையாது, அப்புறமும் வயிறு நிறையச் சாப்பிட்டபிறகு, நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். இப்போதைக்கு சுப்புவின் கண் நீலம் பாய்ந்து மங்கியிருக்கிறது, சட்டை உரிக்கப்போகிறான். உரித்து முடிக்கும்வரை அவனுக்கு எலியும் இல்லை, யார் வந்து கேட்டாலும் தூக்கிக் காட்டுவதாகவும் இல்லை.