ஐந்தரை மணி பஸ்

சென்னையில் கம்பெனி நிகழ்ச்சிகளை எடுத்து நடத்துவதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. ஆனுவல் டே, ஃபேமிலி டே, டீலர் மீட், டீம் அவுட்டிங் என்று மாதத்துக்கு நாலைந்தாவது வந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு வருகிற போன்களில் பாதியில் இதே பேச்சுதான்: "மேடம், இந்த வாட்டி கொஞ்சம் வெல்னெஸ் மாதிரி ஏதாவது சேர்த்துக்கலாமா? ஸ்டாஃப் எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும்." ஜூன் வந்தால் சொல்லவே வேண்டாம். 2015-இல் ஜூன் 21 முதல்முறை யோகா தினமாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து, அந்த வாரத்தில் யோகா ஆசிரியர் கிடைப்பது முகூர்த்த நாளில் சமையல் மாஸ்டர் கிடைப்பது போலத்தான்.

கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். நானும் நல்ல மனதோடுதான் செய்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு செய்கிற விதம் மாறிவிட்டது.

ஈசிஆரில் ஒரு ரிசார்ட். கம்பெனியின் பெயர் வேண்டாம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும் ஹாலை இருட்டாக்கி ஸ்லைடு மேல் ஸ்லைடு. சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு நான் ஏற்பாடு செய்திருந்த சிரிப்பு யோகா. மதன் கட்டாரியா என்ற மருத்துவர் 1995-இல் மும்பையில் ஒரு பூங்காவில் நாலைந்து பேரை வைத்துத் தொடங்கியது அது. நகைச்சுவையே தேவையில்லை; கைதட்டி, மூச்சை இழுத்து, வேண்டுமென்றே சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு தொற்றிக்கொண்டு நிஜச் சிரிப்பாகிவிடும். பூங்காவில் அது நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் தாங்களாகக் கிளம்பி வந்தவர்கள்.

இங்கே இரண்டாவது வரிசையில் ஒரு பெண். பயிற்சியாளர் சொன்னபடி இரண்டு கையையும் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, "ஹா ஹா ஹா" என்று செய்துகொண்டிருந்தார். தூக்கிய இடது கையில் வாட்ச். ஒவ்வொரு முறை கையை இறக்கும்போதும் அவர் கண் அதில் போய் நின்றது. முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, பஸ் எத்தனை மணிக்கு?"

டின்னருக்கும் டிஜேவுக்கும் பிறகு, எட்டரை. சொன்னேன்.

"குழந்தையை விட்டிருக்கிற க்ரெச் ஆறு மணிக்கு மூடிருவாங்க அக்கா. சாயங்காலமே வந்திருவோம்னுதான் சொன்னாங்க."

லைட் செட் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் வேனில் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து திருவான்மியூருக்கு அனுப்பினேன். ஏறும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்கு அந்த நன்றியை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. அவருடைய விடுமுறை நாளை எடுத்துக்கொண்டு, அதற்குள் அரை மணி நேரச் சந்தோஷத்தைச் சொருகியது நான்தானே.

அப்போது தோன்றியதற்குப் பிற்பாடு ஓர் ஆதாரமும் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் பதில்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். மன அழுத்தம் குறைக்கும் வகுப்பு, தியானப் பயிற்சி, நலவாழ்வு ஆப் என்று கம்பெனி கொடுத்ததில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது, தன்னார்வத் தொண்டில் இறங்கியவர்களிடம் மட்டும். வேலை நேரம், சம்பளம், மேலாளர் நடத்தும் விதம், இவற்றில் கைவைக்காமல் ஆளை மட்டும் சரிசெய்யப் பார்ப்பது போதாது என்பதுதான் அவர் சொல்வது. படித்ததும் என் தொழிலே வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்தை மாற்ற என்னால் முடியாது. ஆனால் அந்த ஒரு நாளின் நேரம் என் கையில் இருக்கிறது.

அதனால் இப்போது முதல் மீட்டிங்கிலேயே கேட்டுவிடுவேன்: வேலை நாளில் வைப்பீர்களா? பஸ் ஐந்தரைக்குக் கிளம்புமா? "வீக்டேன்னா ப்ரொடக்டிவிட்டி அடிபடும் மேடம்" என்பார்கள். ஒரு நாள் வேலையைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஸ்டாஃபிடம் அக்கறை காட்டினால் அது அவர்களுக்குத் தெரியாதா என்று பொறுமையாகப் பேசுவேன். இதனால் சில ஆர்டர்கள் கைநழுவிப் போயிருக்கின்றன. போகட்டும்.

நிகழ்ச்சி என்று வந்தால், யாரையும் மேடைக்கு இழுக்காதவையாகத்தான் தேடுகிறேன். போன வருடம் அம்பத்தூரில் ஒரு கம்பெனி வளாகத்திலேயே பறை வைத்தோம். கலைஞர்கள் ஆறு பேர். வந்ததும் வைக்கோல் கேட்டார்கள். தோல் தளர்ந்திருந்தால் ஓசை எழாது, தீயில் காய்ச்ச வேண்டும். ஹாலுக்குள் ஸ்மோக் அலாரம் இருக்கிறதே என்று பார்க்கிங்கில் ஒரு மூலையை ஒதுக்கினோம். நிகழ்ச்சியே அங்கேதான் ஆரம்பித்தது. அக்கவுன்ட்ஸ், க்வாலிட்டி என்று ஒவ்வொருவராக இறங்கி வந்து வட்டமாக நின்றுவிட்டார்கள். மூத்த கலைஞர் பறையைத் தீக்கு மேல் காட்டித் திருப்பி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். காது கொடுத்துக் கேட்பார். மறுபடி தீயில் காட்டுவார். முதலில் 'பொத்' என்றிருந்த சத்தம் நாலாவது முறை 'டங்' என்று எழும்பியபோது, சுற்றி நின்றவர்கள் தாங்களாகவே கைதட்டினார்கள். அப்புறம் அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் எந்தக் கையில் எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தார். ஒரே ஓர் அடி, ஒன்றரை மணி நேரம். தப்பாக அடித்தாலும் பக்கத்தில் அடிப்பவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். வேடிக்கை மட்டும் பார்த்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களில் பாதிப்பேர் பிறகு தாங்களே குச்சி கேட்டு வந்தார்கள்.

அந்தக் கலைஞர்களுக்குச் சம்பளம் முன்கூட்டியே கைக்குப் போயிற்று. சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில். இதை நான் எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். இந்தக் கருவியை அடித்தவர்களை நம் ஊர்கள் எங்கே நிறுத்தி வைத்திருந்தன என்பது தெரிந்துகொண்டே, கறிவேப்பிலை மாதிரி அவர்களைக் கூப்பிட்டுவிட்டு அனுப்ப எனக்கு மனம் ஒப்பாது.

பந்தி என்றேன். பஃபேயை நான் இப்போது முடிந்த மட்டும் தவிர்க்கிறேன். தட்டைக் கையில் பிடித்தபடி நின்று சாப்பிடுவதில் பசி ஆறும், அவ்வளவுதான். இலை போட்டு உட்காரவைத்தால் இருபது நிமிடம் பக்கத்து ஆளோடு பேசித்தான் ஆகவேண்டும், ரசம் வருகிற வரைக்கும்.

உட்காருவது என்றதும் இன்னொன்று. 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள், கடைகளில் நிற்கிற ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வலி சட்டசபை வரைக்கும் போனது. எங்கள் நிகழ்ச்சிகளில் பதிவு மேஜையில் நிற்கிற பிள்ளைகள், தட்டு ஏந்தி நிற்கிற பையன்கள் ஆறு மணி நேரம் நிற்பார்கள். உள்ளே வெல்னெஸ், வாசலில் வீங்கின கால். இப்போது என் சாமான் பட்டியலில் மைக்குக்கு முன்னால் ஸ்டூல்தான் வருகிறது.

அதே அம்பத்தூர் நிகழ்ச்சியில், சத்தம் பிடிக்காதவர்களுக்காக ஓர் அறையில் நாலு பல்லாங்குழி வைத்திருந்தேன். புளியங்கொட்டை என் அத்தை வீட்டிலிருந்து வந்தது. அக்கவுன்ட்ஸ் மேனேஜர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தனியாக உட்கார்ந்து குழிக்கு ஐந்தாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் இல்லை. தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே வந்த செக்யூரிட்டி அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "சார், அந்தக் குழியில எடுத்தா உங்களுக்குப் பசு கெடைக்கும்" என்றார். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். சார் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு கேட்டில் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டிருந்தவர்கள். சாரின் பெயர் அண்ணனுக்குத் தெரியும், அண்ணனின் பெயரை சார் அன்றுதான் கேட்டார்.

ஐந்தரைக்கு பஸ் ஹார்ன் அடித்தபோது ஆட்டம் முடியவில்லை. பலகையை நான் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து செக் வாங்கப் போனேன். கேட் கேபினில், விசிட்டர் ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் பல்லாங்குழி இருந்தது. ஒரு குழிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு. "இங்கேர்ந்து சார் ஆடணும் மேடம்" என்றார் அண்ணன். "ஒரு மணிக்கு வந்திருவாரு."