"வராதுடா, நீ கிளம்பு"

இவ்வளவுதான் சொன்னேன். 2019 ஆகஸ்ட் 21, புதன்கிழமை, எங்ககூட கான்ட்ராக்ட்ல வேலை பார்த்த பையன் ஒருத்தன், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பர்பேங்க் ஆபீஸ் பார்க்கிங்ல நின்னு தயிர்சாதம் சாப்பிட்டுட்டு இருந்தான். முந்தின நாள்தான், ஸ்பைடர்மேன் படங்களை சேர்ந்து எடுத்துட்டு இருந்த சோனியும், மார்வெலை வச்சிருக்கிற டிஸ்னியும் முறிச்சுக்கிட்டாங்கன்னு நியூஸ். அவனுக்கு சியாட்டில்ல ஒரு கேம் கம்பெனி ஆஃபர், வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும். "அண்ணா, அடுத்த ஸ்பைடர்மேன் ஸ்டாண்டி வேலை நமக்கு வருமா வராதா, ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னான். ஸ்டாண்டின்னா தியேட்டர் லாபில நிக்க வைக்கிற அட்டை கட்அவுட்.

சொல்லிட்டேன். மேல போய் ரிலீஸ் தேதி ஷீட்ல மஞ்சளா ஹோல்ட்ல இருந்த அந்தப் பட வரியை சாம்பல் கலரும் ஆக்கிட்டேன்.

சும்மா வாய்க்கு வந்ததை சொல்லல. 2015 பிப்ரவரில இதே ரெண்டு பேரும் கைகோர்த்தப்போ ஸ்பைடர்மேனுக்கு 2017 ஜூலை 28ன்னு தேதி போட்டாங்க, அந்த தேதில இருந்த மார்வெலோட தோர் படம் நவம்பர் 3க்கு போச்சு, அங்க இருந்த பிளாக் பாந்தர் 2018 ஜூலைக்கு, அங்க இருந்த கேப்டன் மார்வெல் அந்த வருஷ நவம்பருக்கு, இன்ஹியூமன்ஸ் 2019க்கு. ஒருத்தன் உள்ள வந்ததுக்கு நாலு பேர் எழுந்து இடம் மாறினாங்க, அந்த ராத்திரி பூரா அந்த நாலு வரியையும் நகர்த்தினவன் நான். அப்ப ஒருத்தன் வெளிய போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

தெரியலதான். படத்தோட உரிமை சோனிகிட்ட, செலவும் ரிலீஸும் அவங்களோடது, மார்வெல் விலகினாலும் எடுக்கத்தான் போறாங்க. அது அன்னைக்கே தெரியும். கதையை புதுசா பிடிக்கணும், ரெண்டு வருஷத்துக்கு தேதியே வராது, அவன் கான்ட்ராக்ட் அதுவரைக்கும் தாங்காது, இதுதான் என் கணக்கு. இந்த கணக்கை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். முடிவை மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 27, முப்பத்தெட்டே நாள், திரும்ப சேர்ந்துட்டாங்க. டிஸ்னி கால்வாசி பணம் போடும், லாபத்துல கால்வாசி எடுக்கும்னு செய்தி, படத்துக்கு 2021 ஜூலை 16ன்னு தேதியே குடுத்துட்டாங்க. சாம்பலை திரும்ப மஞ்சளாக்கினேன், அவன் போய் மூணு வாரம் ஆச்சு.

அப்புறம் கொரோனா, தியேட்டரே மூடிட்டாங்க, தேதி நவம்பருக்குப் போய் கடைசில டிசம்பர் 17. இங்க இருந்திருந்தா 2020ல முதல்ல வெளிய போறவன் அவன்தான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா கொரோனாவை பார்த்தா நான் சொன்னேன்? படம் வந்தப்போ சியாட்டில் தியேட்டர் லாபில இருந்து ஸ்டாண்டி போட்டோ அனுப்பி, "நம்ம வேலையா அண்ணா? முழங்கை ஜாயின்ட் தெரியுது"ன்னு கேட்டிருந்தான். நம்மதுதான். ஜாயின்ட் தெரியறதும் உண்மை, அவன் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டான். சிரிக்கிற எமோஜி ஒண்ணு போட்டு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் யார் தேதி கேட்டாலும் "தெரியலப்பா"ன்னுதான் சொல்றேன். போன மாசம் ஒரு பொண்ணு ஆஃபர் லெட்டரை கையில வச்சுக்கிட்டு கேட்டா, அவகிட்டயும் அதேதான். "தெரியலன்னு சொல்லத்தான் இத்தனை வருஷமா அந்த ஷீட்டை பாக்குறீங்களா"ன்னு கேட்டுட்டு போயிட்டா.